ஃப்ளாட் உங்களுடையது, கட்டடம் எல்லோருடையது: வாடகைக்கு விடுமுன் வரும் கேள்விகள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கி அதை வாடகைக்கு விட நினைப்பவர் முதலில் கணக்குப் போடுவது வாடகை எவ்வளவு வரும் என்றுதான். சங்கச் செயலாளர் போன் செய்த பிறகு கேள்வி மாறிவிடும்: "என் வீட்டை நான் வாடகைக்கு விடுவதில் இவர்களுக்கு என்ன?" சில ஆண்டுகள் ஒரு சங்கக் கமிட்டியில் இருந்தேன், இன்னொரு கட்டடத்தில் என் வீட்டை வாடகைக்கும் விட்டிருந்தேன். அந்தப் போனைச் செய்பவனாகவும் இருந்திருக்கிறேன், எடுப்பவனாகவும் இருந்திருக்கிறேன். அப்போது மற்றவர்கள் என்னிடம் கேட்டதும் நான் மற்றவர்களிடம் கேட்டதும்தான் கீழே இருக்கின்றன. சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் பொதுவான நடைமுறையைச் சொல்லி, தேவைப்படும் இடத்தில் சில நாடுகளின் சட்டத்தையும் சேர்த்திருக்கிறேன்.

பத்திரம் என் பெயரில் இருக்கிறது. வாடகைக்கு விட யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நீங்கள் வாங்கியது இரண்டு. ஒன்று, நான்கு சுவருக்குள் இருக்கும் வீடு. மற்றொன்று, நிலத்தில் பிரிக்கப்படாத பங்கும், படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி போன்ற பொது இடங்களில் உரிமையும். முதலாவது உங்களுக்கு மட்டும் சொந்தம். இரண்டாவதில் மற்ற எல்லோரும் உங்களோடு கூட்டு. நீங்கள் வாடகைக்கு விடும்போது வருகிறவர் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார். சங்கத்துக்குப் பேச இடம் கிடைப்பது இந்த இரண்டாவது பாதியில்தான்.

ஆக, பெரும்பாலான இடங்களில் வேண்டியது அனுமதி அல்ல, தகவல். இரண்டும் வேறு. "வாடகைக்கு விடுகிறேன், இவர் வருகிறார், இந்தத் தேதியில் குடிவருகிறார்" என்று எழுத்தில் தெரிவிப்பது தகவல். கமிட்டி கூடி, வருகிறவரைப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் சாவி கொடுக்கலாம் என்பது அனுமதி. உங்கள் விதிப் புத்தகத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். பல செயலாளர்கள் "தகவல் தெரிவிக்க வேண்டும்" என்ற வரியை வைத்துக்கொண்டு அனுமதி கொடுப்பவர் போல நடந்துகொள்வார்கள். நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் இருந்தேன்.

விதிகள் என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பலமா?

இல்லை. இந்த ஒரு விஷயம் புரிந்தால் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது நாட்டின் அல்லது மாநிலத்தின் சட்டம். அதற்கு அடுத்தது கட்டடத்தின் மூலப் பத்திரம்: எது தனி வீடு, எது பொது இடம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று பதிவு செய்யப்பட்ட ஆவணம். மூன்றாவது பைலா எனப்படும் துணை விதிகள். இதை மாற்ற உரிமையாளர்களின் பொதுக்கூட்டமும், வழக்கமாக ஒரு பெரும்பான்மை விகிதமும் தேவை. நான்காவது வீட்டு விதிகள்: குப்பை எத்தனை மணிக்கு வைப்பது, நீச்சல்குளம் எப்போது மூடும் என்பது மாதிரி. கடைசியில் வருவது கமிட்டித் தீர்மானமும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளும்.

கீழே இருப்பது மேலே இருப்பதை மீற முடியாது. "இனிமேல் குடும்பத்துக்கு மட்டுமே வாடகை" என்று வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி வருகிறது என்று வையுங்கள். அதற்குப் பின்னால் ஒரு பைலா திருத்தம் உண்டா, கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு உண்டா, திருத்தம் பதிவானதா என்று கேளுங்கள். சண்டை போடுகிற தொனியில் வேண்டாம், நகல் வேண்டும் என்று கேட்டாலே போதும். பல செய்திகள் அந்த இடத்திலேயே காற்றில் போய்விடும். அதேபோல மறுபக்கமும் உண்டு: உண்மையிலேயே முறைப்படி நிறைவேறிய விதி என்றால், நீங்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை, எதிர்த்து ஓட்டுப் போட்டீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது.

வாடகைக்கே விடக்கூடாது என்று சங்கம் தடை போட முடியுமா?

நாடுகள் இதற்கு ஒரே பதிலைத் தரவில்லை. இத்தனைக்கும் பிரச்சினை எங்கும் ஒன்றேதான். வீட்டின் மீதான உரிமையில் அதை வாடகைக்கு விடும் உரிமையும் அடக்கம் என்பது ஒரு வாதம். கட்டடம் முழுக்க வாடகைக்காரர்கள் ஆகிவிட்டால் பராமரிப்பில் அக்கறை குறையும், அதனால் எல்லோருடைய சொத்து மதிப்பும் இறங்கும் என்பது எதிர்வாதம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், வீட்டைக் குத்தகைக்கு விடுவதைத் துணை விதியால் பொதுவாகத் தடுக்க முடியாது. கலிபோர்னியாவில் முழுத் தடை செல்லாது. வாடகை வீடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம், ஆனால் அந்த வரம்பு மொத்த வீடுகளில் 25 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நிறையக் கட்டடங்கள் வாடகைத் தடை வைத்திருந்தன. வீட்டுத் தட்டுப்பாடு முற்றியதும் 2022 நவம்பரில் மாகாண அரசே அந்தத் தடைகளை ஒரே அடியாக நீக்கிவிட்டது. குறுகிய கால வாடகைக்கான தடையை மட்டும் விட்டுவைத்தது.

வாடகையை முழுக்கத் தடுப்பது கடினமாகிக்கொண்டே வருகிறது, வாடகைக்காரர் எப்படி நடக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்துவதற்கு இடம் இருக்கிறது. போக்கு என்று பார்த்தால் இதுதான் தெரிகிறது.

நான் வாங்கும்போது இல்லாத தடையை இப்போது கொண்டுவந்தால்?

இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கும் இடங்களில் ஒன்று ஃபுளோரிடா. அங்கே வாடகையைத் தடுக்கும் அல்லது வாடகைக் காலத்தை மாற்றும் திருத்தம், அதற்குச் சம்மதித்தவர்களையும் திருத்தத்துக்குப் பிறகு வாங்கியவர்களையும் மட்டுமே கட்டுப்படுத்தும். பழைய உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால் பழையபடியே வாடகைக்கு விடலாம். கலிபோர்னியாவிலும் இதே மாதிரிப் பாதுகாப்பு உண்டு. இப்படி எழுதி வைக்காத இடங்களில் புதிய விதி பழையவர்களையும் சேர்த்தே பிடிக்கும். அதனால் திருத்தம் வருகிறது என்று தெரிந்தால் கூட்டத்துக்குப் போய், எதிர்ப்பைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். போக முடியாவிட்டால், உங்களுக்குப் பதிலாக ஓட்டுப் போட ஒருவருக்குப் பதிலாள் கடிதம் கொடுத்து அனுப்புங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தம் முடியும் வரையாவது விலக்கு வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை, பெரும்பாலும் கிடைக்கும்.

நாள் வாடகைக்கு, வாரக் கணக்கில் விடலாமா?

இன்று சங்கங்களில் மிக அதிகமாகச் சூடு பறப்பது இந்த விஷயத்தில்தான். இதில் என் சாய்வு மற்ற உரிமையாளர்கள் பக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியை இழுத்துக்கொண்டு புது முகங்கள் வாரத்துக்கு மூன்று முறை லிஃப்டில் ஏறும் கட்டடத்தில் காவலாளியால் யாரை நிறுத்த முடியும்?

சட்டமும் மெல்ல அந்தப் பக்கமே நகர்கிறது. மலேசியாவின் சட்டப்படி, துணை விதியால் வீட்டைக் குத்தகைக்கு விடுவதைத் தடுக்க முடியாது. இதைக் காட்டித்தான் நாள் வாடகைக்கு விடும் உரிமையாளர்கள் வாதாடினார்கள். 2020இல் அந்நாட்டின் கூட்டரசு நீதிமன்றம், சில நாள் தங்கல் என்பது குத்தகையே அல்ல, வெறும் தங்கும் உரிமம், அதைக் கட்டட நிர்வாகம் தடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. நியூ சவுத் வேல்ஸில் 2020 முதல், உரிமையாளர் தானே வசிக்காத வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு விடுவதைச் சிறப்புத் தீர்மானத்தால் தடை செய்யலாம். ஸ்பெயினில் 2025 ஏப்ரல் 3 முதல் சுற்றுலா வாடகைக்கு விட, உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினரின் முன் ஒப்புதல் வேண்டும். சிங்கப்பூரில் இது சங்கத்தின் கையிலேயே இல்லை. தனியார் வீடுகளுக்குக் குறைந்தபட்சம் 3 மாதம், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்கு 6 மாதம் என்று அரசே வரம்பு கட்டிவிட்டது.

"நண்பர்கள் வந்து தங்குகிறார்கள்" என்று சொல்லிச் சமாளிப்பவர்கள் உண்டு. இணையத்தில் அதே வீட்டின் படுக்கையறைப் படமும் ஓர் இரவுக்கான கட்டணமும் கிடக்கும்போது அந்தச் சமாளிப்பு எத்தனை நாள் நிற்கும்?

சங்கம் என்னென்ன விவரம் கேட்கலாம்?

வாடகைதாரரின் பெயர், தொடர்பு எண், அடையாளச் சான்றின் நகல், எத்தனை பேர் தங்குவார்கள், வண்டி எண், ஒப்பந்தம் தொடங்கும் நாளும் முடியும் நாளும், அவசரத்துக்கு யாரை அழைப்பது: இவ்வளவும் நியாயம். நள்ளிரவில் குழாய் வெடித்தால் யாருக்குப் போன் செய்வது என்று தெரிய வேண்டும் அல்லவா? காவல்துறைக்கு விவரம் தர வேண்டிய ஊராக இருந்தால் அந்தப் படிவத்தின் நகலையும் கேட்பார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் ஒப்பந்தம் போட்ட 10 நாளுக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், கட்டடத்தின் விதிகளை வாடகைதாரர் கையில் கொடுக்கவும் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்பது சங்கத்துக்கு வேண்டாத விஷயம். ஒப்பந்த நகல் கேட்டால் அந்தத் தொகைகளை மறைத்துக் கொடுங்கள்.

பேச்சிலர், தனியாக இருக்கும் பெண், இன்ன மதத்தவர், இன்ன சாதியினர்... இவர்களுக்குக் கொடுக்காதே என்கிறார்கள்.

எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். எழுதினால் அதுவே அவர்களுக்கு எதிரான சாட்சியம் என்று அவர்களுக்கே தெரியும். சத்தம், கூட்டம், பார்க்கிங் என்று நடத்தையைப் பற்றி விதி போடலாம். அது எல்லோருக்கும், சொந்த வீட்டில் இருப்பவருக்கும் சேர்த்துப் பொருந்த வேண்டும். ஆள் யார் என்பதைப் பற்றிய விதி பல நாடுகளில் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் நேராகப் போய் மாட்டும். என் கமிட்டிக் காலத்தில் விடியற்காலை இரண்டு மணிச் சத்தம் பற்றி வந்த புகார்களில் பெரும்பகுதி, "குடும்பத்துக்கு மட்டும்" என்று வாதாடிய உரிமையாளர்களின் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியவை.

ஒரு வீட்டில் எத்தனை பேர் தங்கலாம்?

தீயணைப்பு, சுகாதார விதிகளில் வரம்பு இருந்தால் அதுதான் கணக்கு. சிங்கப்பூரில் உறவினர் அல்லாதவர்கள் 6 பேர் வரை. பெரிய வீடுகளுக்கு 2024 ஜனவரி முதல் தற்காலிகமாக 8 வரை. சட்டத்தில் எண் இல்லாத இடத்தில் பைலாவைப் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் நீங்களே ஒப்பந்தத்தில் ஓர் எண்ணை எழுதிவிடுங்கள். நான்கு பேர் என்று வந்து ஒன்பது பேராக வளர்ந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டிதான் முதலில் காட்டிக்கொடுத்தது.

வாடகைக்கு விட்டதற்காகக் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். சரியா?

நியாயமான செலவுக்கு நியாயமான தொகை என்றால் சரி. குடிவரும் நாளில் லிஃப்ட் உள்புறத்தை மூட, காவலாளியைக் கூடுதலாக நிறுத்த ஒரு கட்டணம் வாங்கலாம். மாதாமாதம் தண்டம் மாதிரி வசூலிப்பதுதான் பிரச்சினை. மகாராஷ்டிராவில் கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் "நீங்கள் குடியிருக்கவில்லை" என்ற பெயரில் பெருந்தொகை வாங்கிக்கொண்டிருந்தன. 2001 ஆகஸ்ட்டில் மாநில அரசு அதைச் சேவைக் கட்டணத்தின் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டிப்போட்டது. சேவைக் கட்டணத்தின் 10 சதவீதம்தான், வாடகையின் 10 சதவீதம் இல்லை. இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் ஊரில் இப்படி வரம்பு இல்லாவிட்டாலும், கட்டணத்துக்கு எந்த விதி ஆதாரம், எந்தச் செலவுக்கு ஈடு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மாதாந்திர மெயின்டனன்ஸ் யார் கட்டுவது?

உங்களுக்கும் வாடகைதாரருக்கும் இடையில் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். சங்கத்தைப் பொறுத்தவரை கடனாளி நீங்கள்தான். "அவர் கட்டுவதாகச் சொன்னாரே" என்பது அங்கே எடுபடாது. என் யோசனை: வாடகையோடு சேர்த்து வாங்கி, நீங்களே சங்கத்துக்குக் கட்டிவிடுங்கள். ஆறு மாத நிலுவை ஒரு நாள் திடீரென்று தெரியவரும் அதிர்ச்சியைத் தவிர்க்கலாம்.

பெரிய பழுது, பெயின்ட், லிஃப்ட் மாற்றுவது போன்றவற்றுக்கான சிறப்பு வசூல் உரிமையாளர் தலையில் விழுவதுதான் முறை. சொத்து உயர்ந்தால் பலன் உங்களுக்குத்தானே.

உரிமையாளர் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? ஒண்டாரியோவில் நிர்வாகம் வாடகைதாரருக்கே எழுத்தில் அறிவித்து, வாடகையை நேராகத் தன்னிடம் செலுத்தச் சொல்ல முடியும். நாகரிகமான வழி. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவது அப்படிப்பட்டது அல்ல. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக்கூடாது என்று வீட்டு உரிமையாளரையும் சொத்து மேலாளரையும் தடுக்கிறது. நிலுவைக்கு வட்டி போடலாம், வழக்குப் போடலாம். குழாயை மூடுவது கமிட்டி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது.

வாடகைதாரர் விதியை மீறினால் அபராதம் யாருக்கு?

ரசீது உங்கள் பெயருக்குத்தான் வரும். அதை அவரிடம் வசூலிக்க வேண்டும் என்றால் ஒப்பந்தத்தில் வழி இருக்க வேண்டும். ஆனால் ஒன்று: அபராதம் போடும் முன் உங்களுக்கு எழுத்தில் புகார் வந்ததா, பதில் சொல்ல அவகாசம் தந்தார்களா, அபராதத் தொகை விதியில் இருக்கிறதா என்று பாருங்கள். காவலாளி சொன்னார் என்பதற்காக மாத பில்லில் ஒரு வரி சேர்த்துவிடுவது முறையல்ல.

வாடகைதாரரை உடனே காலி செய்யச் சொல் என்று சங்கம் நெருக்கினால், அவருக்கும் உங்களுக்கும் இருப்பது சட்டப்படியான ஒப்பந்தம், அது முடியும் முறையில்தான் முடியும் என்று சொல்லுங்கள்.

அப்படியானால் ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

கடையில் கிடைக்கும் பொதுப் படிவத்தில் வாடகை, அட்வான்ஸ், காலம் எல்லாம் இருக்கும், கட்டடம் இருக்காது. அதைத்தான் நீங்கள் சேர்க்க வேண்டும். கட்டடத்தின் விதிகள் இந்த ஒப்பந்தத்தின் பகுதி, அதன் நகலை வாடகைதாரர் பெற்றுக்கொண்டார் என்று ஒரு வரி. அவர் தவறால் வரும் அபராதத்தை அவரே தர வேண்டும் என்று ஒரு வரி. உள்வாடகைக்கு விடக்கூடாது, இணையத்தில் நாள் வாடகைக்குப் போடக்கூடாது என்று ஒரு வரி. விதிகள் பின்னால் மாறினால் மாறியதும் பொருந்தும் என்று இன்னொன்று. கூடவே வளர்ப்புப் பிராணி, பால்கனியில் துணி, சுவரில் துளை, ஏசியின் வெளிப்பெட்டியை எங்கே மாட்டுவது ஆகியவற்றில் கட்டடத்தின் விதி என்ன சொல்கிறதோ அதையே சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் நாய் வளர்க்கலாம் என்று நீங்கள் எழுதிக்கொடுத்து, பைலாவில் கூடாது என்று இருந்தால், இரண்டு பக்கமும் அடி உங்களுக்கே.

எழுத்தில் போடாமல் நம்பிக்கையில் விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது. தமிழ்நாட்டின் அதே சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கிவிட்டது.

ஜிம், நீச்சல்குளம், பார்க்கிங் யாருக்கு?

பொதுவான நடைமுறை, வசதிகளைப் பயன்படுத்தும் உரிமை வீட்டோடு போகும் என்பது. வாடகைக்கு விட்டதும் அது குடியிருப்பவருக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை பழைய அட்டையோடு நீந்த வருவது சரியல்ல. பார்க்கிங் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டதா, பொதுவில் சுழற்சி முறையில் கிடைப்பதா என்று பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள். வெளியாள் ஒருவருக்குப் பார்க்கிங்கை மட்டும் தனியாக வாடகைக்கு விடப் பல சங்கங்கள் ஒத்துக்கொள்ளாது.

வாடகைதாரர் சங்கக் கூட்டத்தில் ஓட்டுப் போடலாமா?

ஓட்டு உரிமையாளருக்கு. பதிலாள் கடிதம் கொடுக்கலாம், விதி இடம் தந்தால்.

மேல் வீட்டிலிருந்து கசிகிறது. வாடகைதாரர் என்னைக் கூப்பிடுகிறார். நான் யாரைக் கூப்பிடுவது?

முதலில் குழாய் யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். கட்டடம் முழுக்க மேலிருந்து கீழே ஓடும் குழாய் பொதுச் சொத்து. அது சங்கத்தின் வேலை. அதிலிருந்து ஒரு வீட்டுக்குள் மட்டும் பிரியும் கிளை அந்த வீட்டுக்காரருடையது. மேல் வீட்டுக் குளியலறைத் தரையிலிருந்து ஊறினால் மேல் வீட்டுக்காரர் பொறுப்பு. சங்கம் இதில் நடுவர் மாதிரி உதவலாம், செலவு செய்யக் கடமைப்பட்டதில்லை. வாடகைதாரர் நேராகச் சங்கத்திடம் புகார் தரலாமா என்பதில் சில கமிட்டிகள் வீம்பு பிடிக்கும். "ஓனர் எழுதட்டும்" என்பார்கள். அவசரப் பழுதுக்கு வாடகைதாரரே புகார் தரலாம் என்று குடிவரும் நாளிலேயே ஒரு கடிதம் கொடுத்து வைத்துவிடுங்கள்.

பழுது பார்க்க வீட்டுக்குள் போக வேண்டும் என்றால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். தமிழ்நாட்டில் 24 மணி நேரம் முன்பு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வீடு வெள்ளக்காடாக இருக்கும்போது யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள், அது வேறு.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன்.

உள்ளூரில் ஒருவரை நியமித்து, அவர் எதுவரை முடிவெடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். சாவி வைத்திருக்கும் உறவினருக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அதிகாரம் தானாக வந்துவிடாது. அதற்கு அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) தேவை. சங்கத்தின் அறிவிப்புகள் உங்கள் மின்னஞ்சலுக்கே வரட்டும். அவை வாடகைதாரர் கதவிடுக்கில் போய் விழுந்தால் பொதுக்கூட்டம் முடிந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டுமா?

நீங்களே குடியிருப்பதாகச் சொல்லிக் கடன் வாங்கியிருந்தால் கடன் பத்திரத்தைப் படியுங்கள். சில வங்கிகள் தெரிவிக்கச் சொல்லும். காப்பீட்டில் இது இன்னும் முக்கியம். சங்கத்தின் காப்பீடு பொதுவாகக் கட்டடத்துக்கும் பொது இடங்களுக்கும்தான். உள்ளே நீங்கள் வைத்துவிட்டுப் போகும் பொருள்களுக்கு உங்கள் காப்பீடு, வாடகைதாரரின் பொருள்களுக்கு அவருடையது. வீட்டில் இருப்பது யார் என்பது மாறியதைச் சொல்லாமல் விட்டால், இழப்பீடு கேட்கும் நாளில் அதையே காரணம் காட்டுவார்கள்.

வாடகைதாரர் காலி செய்யும்போது சங்கத்திடம் முடிக்க வேண்டியவை என்ன?

காலி செய்யும் தேதியை ஒரு வாரம் முன்பே சொல்லி லிஃப்டுக்கு நேரம் பதிவு செய்யுங்கள். மெயின்டனன்ஸ், தண்ணீர், அபராதம் எதிலும் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். அதைப் பார்த்த பிறகு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள். நுழைவு அட்டை, பார்க்கிங் ரிமோட், வண்டி ஸ்டிக்கர், அஞ்சல் பெட்டிச் சாவி எல்லாவற்றையும் எண்ணி வாங்கி, பழைய அட்டைகளை முடக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து அவர் எண்ணை எடுக்கச் சொல்வதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எங்கள் கட்டடத்தில் காலி செய்து இரண்டு ஆண்டு ஆன ஒருவர், தண்ணீர் லாரி வரவில்லை என்ற புகாருக்கெல்லாம் தவறாமல் பதில் போட்டுக்கொண்டிருந்தார்.